ரைஸ் குக்கரில் ஓட்ஸ் கஞ்சி ஏன் பொங்குகிறது, எப்படி வைத்தால் பொங்காது?

கேட்டவர் விடுதி அறையில் இருக்கிறார். கேஸ் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. ஒற்றைச் சுவிட்ச் வைத்த சின்ன ரைஸ் குக்கர்தான் சமையலறை. அதில் ஓட்ஸ் வைத்தால் ஒரு நாள் பொங்கி மேசையெல்லாம் வழிகிறது. இன்னொரு நாள் மேலே தண்ணியாக நிற்கும்போதே சுவிட்ச் 'வார்ம்' பக்கம் ஏறிவிடுகிறது, திறந்து பார்த்தால் அடி பிடித்திருக்கிறது. பாலிலேயே வேகவைக்கலாமா, ராத்திரியே போட்டு வைத்துவிட்டுத் தூங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸை குக்கர் பாத்திரத்தில் நேராகக் கொட்டாதீர்கள். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் ஓட்ஸும் தண்ணீரும் போட்டு, அந்தக் கிண்ணத்தை குக்கருக்குள் இறக்கி, சுற்றிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, மூடி, சுவிட்சைத் தட்டுங்கள். பொங்காது, அடி பிடிக்காது, கிளற வேண்டியதில்லை, தானாக நின்றுவிடும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு எழுந்து போய் வைத்துப் பார்க்கலாம். ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் எந்த ஓட்ஸுக்கும் எந்த குக்கருக்கும் நீங்களே அளவு போட்டுக்கொள்ள முடியும். அதற்காகத்தான் மீதியும்.

ஒற்றைச் சுவிட்ச் குக்கருக்கு மணி பார்க்கத் தெரியாது. உள்ளே கடிகாரம் கிடையாது. சோறு வெந்ததா, வேகவில்லையா என்பதும் அதற்குத் தெரியாது. பாத்திரத்தின் அடி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒன்றுதான் தெரியும். பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள்: சூடேறும் தட்டின் நடுவில் வட்டமாக ஒரு குமிழ் இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். அதற்குள் ஒரு காந்தமும், குறிப்பிட்ட சூட்டில் காந்தத்தின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும் ஃபெரைட் துண்டும் இருக்கின்றன. சுவிட்சைத் தட்டியதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீர் தீர்ந்த நிமிடமே சூடு விறுவிறுவென்று ஏறும். 100ஐத் தாண்டிச் சில டிகிரி போனதும் ஃபெரைட் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்' என்று சுவிட்ச் ஏறிவிடும்.

அரிசிக்கு இந்த ஏற்பாடு அழகாகப் பொருந்தும். அரிசி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு தனித்தனிப் பருக்கையாக நிற்கும். மிச்சத் தண்ணீர் பருக்கைகளுக்கு இடையே தாராளமாக ஓடும், கீழே சூடானது மேலே வரும், மேலே இருப்பது கீழே போகும். அளவாக ஊற்றியிருந்தால் அரிசி வேகும் நேரமும் தண்ணீர் தீரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

ஓட்ஸ் அப்படி நடந்துகொள்ளாது. அதில் மாவுச்சத்தோடு பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து கஞ்சியையே கொழகொழவென்று ஆக்கிவிடும். கொழகொழத்த பிறகு தண்ணீரால் ஓட முடியாது. அடியில் இருக்கும் கஞ்சி அடியிலேயே கிடந்து காயும், மேலே இருப்பது இளஞ்சூட்டில் நிற்கும். அடியில் உண்டாகிற நீராவிக் குமிழ்கள் உடைய வழியில்லாமல் கஞ்சியையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஓட்ஸின் புரதமும் மாவும் அந்த நுரைக்கு ஏடு கட்டிவிடுவதால் நுரை எளிதில் அமுங்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது இதுதான். இன்னொரு பக்கம், அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று காய்ந்துபோனாலே அந்த இடத்தில் சூடு 100ஐத் தாண்டிவிடும். மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் குக்கர் அதைப் பார்ப்பதில்லை, அடி காய்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று சுவிட்சை ஏற்றிவிடும். ஆக, நீங்கள் சொன்ன பொங்கலும் அரைவேக்காடும் வேறு வேறு கோளாறு இல்லை. கஞ்சி தண்ணியாக இருந்தால் பொங்கும், கெட்டியாக இருந்தால் பாதியில் நிற்கும். தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவீர்களே தவிர இரண்டிலிருந்தும் தப்ப மாட்டீர்கள்.

சிலர் சுவிட்ச் ஏறாமல் இருக்க அதை விரலால் அழுத்திப் பிடிப்பார்கள், அல்லது கரண்டிக் காம்பை முட்டுக் கொடுப்பார்கள். அதைச் செய்யவே வேண்டாம். அந்தக் கருவியில் இருக்கிற முக்கியமான பாதுகாப்பே அந்தச் சுவிட்ச்தான்.

கிண்ண முறையில் என்ன மாறுகிறது? குக்கரின் அடியைத் தொடுவது இப்போது வெறும் தண்ணீர். அது நன்றாகக் கொதிக்கும், ஆவியாகும், தீரும். கிண்ணத்துக்குள் இருக்கும் ஓட்ஸ் அந்த ஆவியின் சூட்டில் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே நின்று வேகும். தளதளவென்று கொதிக்காததால் நுரை கிளம்பாது. வெளித் தண்ணீர் தீர்ந்ததும் சுவிட்ச் ஏறும். அதாவது நீங்கள் வெளியே ஊற்றுகிற தண்ணீர்தான் உங்கள் கடிகாரம்.

இது ஒன்றும் குறுக்கு வழி இல்லை. உலகத்தில் முதலில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த தானியங்கி ரைஸ் குக்கரே இப்படித்தான் வேலை செய்தது. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் இ.ஆர்.-4 என்ற மாடலை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி, தோஷிபாவுக்குப் பொருள் செய்து கொடுத்துவந்த சிறிய தொழிலகம் ஒன்றின் சொந்தக்காரர். சோற்றை ஆக்கி ஆக்கிச் சோதித்துப் பார்த்த வேலை பெரும்பாலும் அவர் மனைவி ஃபுமிகோவுடையது. கொதி நிலையில் 20 நிமிடம் வைத்தால் சோறு நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்தார்கள், ஆனால் அந்த 20 நிமிடத்தை இயந்திரம் எப்படி அறியும்? பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தார்கள். வெளிப் பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், அது தீர ஏறக்குறைய 20 நிமிடம். தீர்ந்ததும் சூடு 100ஐத் தாண்டும், இரட்டை உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். பிற்பாடு ஒற்றைப் பாத்திரமும் காந்தச் சுவிட்சும் வந்து அந்த வடிவம் பின்னுக்குப் போனது. தைவானில் மட்டும் போகவில்லை. அங்கே 1960இல் வந்த தாதுங் குக்கர் இன்றும் வெளித் தண்ணீர் முறையிலேயே விற்கிறது. அங்கே சமையல் குறிப்புகளில் 'வெளியே அரை கப்', 'வெளியே இரண்டு கப்' என்றுதான் நேரம் எழுதுவார்கள். ஓட்ஸ் விஷயத்தில் நீங்கள் செய்யப்போவது உங்கள் குக்கரை 1955ஆம் வருட குக்கராக மாற்றுவதுதான்.

வெளியே எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும். 500 வாட் குக்கர் நொடிக்கு 500 ஜூல் கொடுக்கும், அப்படியென்றால் நிமிடத்துக்கு 13 கிராம் போல ஆவியாகும். குக்கரோடு வரும் கப் 180 மி.லி. பிடிக்கும். அந்த ஒரு கப் தீர 14 நிமிடம். அதோடு தண்ணீரும் கிண்ணமும் கொதிநிலைக்கு வர ஆகும் நேரம், மூடியில் பட்டுத் திரும்பி விழும் நீர் மறுபடி ஆவியாக ஆகும் நேரம் எல்லாம் சேர்த்தால் 20 முதல் 25 நிமிடம் வரும். 300 வாட் குட்டி குக்கர் என்றால் இதே ஒரு கப்புக்கு அரை மணியைத் தாண்டும், 700 வாட் என்றால் சீக்கிரம் முடியும். வாட் எவ்வளவு என்பது குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன ஓட்ஸ் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் வெளித் தண்ணீர். உமி நீக்கிய முழு ஓட்ஸை ஆவியில் வாட்டி உருளைகளுக்கு நடுவே தட்டையாக்கினால் ரோல்ட் ஓட்ஸ். அதையே இன்னும் மெல்லியதாகவும் சின்னதாகவும் செய்தால் குயிக் ஓட்ஸ். நம்மூர்க் கடையில் வெள்ளை ஓட்ஸ் என்று கிடைக்கிற பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம், 3 நிமிடத்தில் தயார் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தட்டையாக்காமல் முழு ஓட்ஸை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் ஸ்டீல் கட் ஓட்ஸ், பார்க்க நொய் மாதிரியே இருக்கும். மசாலா கலந்து வரும் இன்ஸ்டன்ட் பாக்கெட்டுகளுக்கு இந்தப் பதிலே தேவையில்லை, கெட்டில் போதும்.

ரோல்ட் ஓட்ஸுக்கு வெளியே முக்கால் கப் முதல் ஒரு கப் போதும். கிண்ணத்துக்குள் ஒரு பங்கு ஓட்ஸுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் ஸ்பூனில் நிற்கும் பதம், மூன்று பங்கு விட்டால் டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் கஞ்சிப் பதத்தை நெருங்கும். கிண்ணத்திலிருந்து தண்ணீர் அதிகம் ஆவியாகாது, மூடியில் படிந்த நீர் வேறு உள்ளே சொட்டும். அதனால் அடுப்பில் வைக்கும்போது ஊற்றும் அளவை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள், கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள்.

ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு வெளியே இரண்டு கப், உள்ளே ஒரு பங்குக்கு மூன்று முதல் நான்கு பங்கு தண்ணீர். 500 வாட் குக்கரில் 35, 40 நிமிடம் ஆகும். ரைஸ் குக்கரில் ஓட்ஸ் வைப்பதற்கு உண்மையான நியாயம் இந்த ரகத்துக்குத்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அடுப்பில் வைத்தால் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். குக்கரில் நீங்கள் குளித்து, துணி அலசிப் போட்டுவிட்டு வரலாம். நீண்ட நேரம் மெதுவாக வேகும்போது பீட்டா குளுக்கான் நன்றாகக் கரைந்து கஞ்சி பால் சேர்த்தது போல வழவழப்பாகவும் வரும், பருக்கை மட்டும் மெல்லுவதற்குக் கொஞ்சம் உறுதியாக நிற்கும். ரோல்ட் ஓட்ஸுக்கு அந்தச் சுகம் இல்லை.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரே கப்பில் அளந்தாலும் எடை ஒன்றாக இருக்காது. குக்கர் கப் நிறைய ரோல்ட் ஓட்ஸ் 60, 65 கிராம் வரும். அதே கப் நிறைய ஸ்டீல் கட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஒரு ஆளுக்கு 40 கிராம் போதும் என்பதால் ஸ்டீல் கட் என்றால் கப்பில் மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும். ரோல்ட் ஓட்ஸ் நினைப்பில் முக்கால் கப் போட்டால் அறைத் தோழரையும் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கும். அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் 240 மி.லி., அதையும் நினைவில் வையுங்கள்.

கிண்ணம் எப்படி இருக்க வேண்டும்? அகலமாக, குட்டையாக, உள்ளே வைத்தால் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வெளித் தண்ணீர் கிண்ணத்தின் பாதி உயரத்தைத் தாண்டினால் கொதிக்கும்போது உள்ளே தெறிக்கும், கிண்ணமும் மிதந்து கவிழப் பார்க்கும். குக்கர் பாத்திரத்தில் நான்ஸ்டிக் பூச்சு இருந்தால் கிண்ணத்துக்கு அடியில் சின்ன எவர்சில்வர் மூடியோ வளையமோ வையுங்கள், இல்லாவிட்டால் கொதியில் கடகடவென்று ஆடிப் பூச்சு கீறிவிடும். எடுக்கும்போது இடுக்கி வேண்டும். இடுக்கி இல்லாத அறைகளில் பழைய துண்டை மடித்து எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வது வழக்கம். பத்து நிமிடம் பொறுத்தால் அதுவும் வேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தில் கஞ்சியும் இன்னும் கொஞ்சம் இறுகி நல்ல பதத்துக்கு வரும்.

கிண்ணம் வைக்க இடமே இல்லாத குட்டி குக்கர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ரோல்ட், குயிக் இரண்டுக்கும் பொருந்தும். குக்கரில் தண்ணீரை மட்டும் விட்டு, உப்பு போட்டு, கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் சுவிட்சை நீங்களே 'வார்ம்' பக்கம் ஏற்றிவிட்டு, ஓட்ஸைத் தூவி, ஒரு கிளறு கிளறி மூடிவிடுங்கள். குயிக் என்றால் ஐந்து நிமிடம், ரோல்ட் என்றால் பதினைந்து. ஆவியில் ஏற்கெனவே வாட்டிய ஓட்ஸ் இது, அதன் மாவுச்சத்து 60 டிகிரியைச் சுற்றியே இளகத் தொடங்கிவிடும், தளதளவென்று கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொதிக்காவிட்டால் பொங்குவதற்கு என்ன இருக்கிறது?

இல்லை, நேராகப் போட்டுத்தான் வேகவைப்பேன் என்றால் பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் நெய் அல்லது எண்ணெய் விடுங்கள், கொழுப்பு பட்டால் நுரை எளிதில் உடையும். கண்ணாடி மூடியை ஒருக்களித்து வையுங்கள். பக்கத்திலிருந்து ஓரிரு முறை அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். இவ்வளவும் செய்யலாம், ஆனால் பக்கத்திலேயே நிற்பதாக இருந்தால் குக்கர் எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

திரை வைத்து, பல பொத்தான்கள் வைத்து வரும் மைக்ரோ கம்ப்யூட்டர் குக்கர் உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன பாதிக் கதை உங்களுக்கு இல்லை. அவற்றில் கஞ்சிக்கென்று தனிப் பொத்தான் இருக்கும். அது சூட்டை விட்டு விட்டுக் கொடுக்கும், நேரம் பார்த்து நிறுத்தும். சோஜிருஷி குக்கர்கள் சிலவற்றில் ஸ்டீல் கட் ஓட்ஸுக்கென்றே ஒரு தேர்வு உண்டு. உள்ளே கஞ்சிக்குக் குறித்திருக்கும் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். சோறு பொத்தானில் மட்டும் ஓட்ஸ் வைக்காதீர்கள், மூடியில் இருக்கும் ஆவித் துளை அடைத்துக்கொள்ளும்.

பால் கேள்விக்கு வருகிறேன். நேராகக் குக்கர் பாத்திரத்தில் பால் விட்டு ஓட்ஸ் வைக்கவே வேண்டாம். பாலின் புரதம் சூடான அடியில் படிந்து முதலில் பிடிக்கும், அதன் மேல் ஓட்ஸ் பிடிக்கும், பொங்குவதற்குப் பாலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிண்ண முறையில் பாதிப் பால் பாதித் தண்ணீர் தாங்கும். என்னைக் கேட்டால் தண்ணீரில் வேகவைத்து, கிண்ணத்தை எடுத்த பிறகு சூடான பாலைச் சேர்ப்பதுதான் ருசி, பால் வாசனை மாறாமல் நிற்கும். ஸ்காட்லாந்தில் கார்பிரிட்ஜ் என்ற ஊரில் 1994 முதல் ஓட்ஸ் கஞ்சிக்கு உலகப் போட்டியே நடத்துகிறார்கள். அதன் பாரம்பரியப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மூன்றைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. உப்பைத் தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை போடுங்கள், இனிப்புக் கஞ்சியாக இருந்தாலும் போடுங்கள். உப்பில்லாத ஓட்ஸ்தான் பலரை ஓட்ஸ் பக்கமே வராமல் செய்திருக்கிறது.

வெல்லம் போடுகிறவர்கள் பாயசத்தில் செய்கிற அதே கவனத்தோடு செய்யுங்கள்: வெல்லம் சேர்த்துக் கொஞ்சம் ஆறிய பிறகு பால், இல்லாவிட்டால் திரியும். பேரீச்சம்பழத்தையும் ஆப்பிள் துண்டுகளையும் ஓட்ஸோடு சேர்த்தே வேகவிடலாம். வாழைப்பழம் கடைசியில்.

ஆனால் இனிப்பை விட உப்புக் கஞ்சிதான் நமக்கு ஒத்துவரும் என்பது என் கட்சி. தண்ணீரில் வெந்த ரோல்ட் ஓட்ஸை ஆறவைத்து, கெட்டி மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, மாங்காய் ஊறுகாயோடு குடித்துப் பாருங்கள். ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு இன்னொரு நல்ல ஜோடி பாசிப்பருப்பு. இரண்டும் வேக ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும், அதனால் ஒன்றாகவே கிண்ணத்தில் போடலாம். மூன்று பங்கு ஓட்ஸுக்கு ஒரு பங்கு பருப்பு, எல்லாம் சேர்த்து நான்கு மடங்கு தண்ணீர், இஞ்சி, உப்பு, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் சீரகமும். சுவிட்ச் ஏறிய பிறகு நெய். தாளிக்க அடுப்பு இருந்தால் முந்திரியும் கறிவேப்பிலையும் சேர்த்து ஓட்ஸ் பொங்கல் என்றே சொல்லிக்கொள்ளலாம். ரோல்ட் ஓட்ஸோடு பருப்பை ஒன்றாகப் போடாதீர்கள், பருப்பு வேகும்போது ஓட்ஸ் கூழாகியிருக்கும்.

உடம்புக்கு நல்லதா என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். பீட்டா குளுக்கான் ஒரு நாளைக்கு 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்டிராலைக் குறைக்க உதவும் என்பதை ஏற்று, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் இதய நோய் அபாயம் குறைவது பற்றி எழுத அனுமதி கொடுத்தது. 40 கிராம் ஓட்ஸில் கிடைப்பது 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரை உள்ளவர்கள் ரகத்தைக் கவனியுங்கள்: ஸ்டீல் கட் ஓட்ஸின் கிளைசிமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதன் அளவு, 50களில் இருக்கும், இன்ஸ்டன்ட் ரகம் 70ஐத் தாண்டும். மெல்லியதாகத் தட்டத் தட்ட அது சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறுகிறது. அப்புறம் மேலே தேனை ஊற்றிக்கொண்டு கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை.

ஓட்ஸில் மற்ற தானியங்களை விடக் கொழுப்பு அதிகம். ஆலையில் சூடேற்றித்தான் அந்தக் கொழுப்பைக் கெடுக்கும் நொதியை அடக்குகிறார்கள். இருந்தும் பிரித்த பாக்கெட்டை நம்மூர் வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, முடிந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கஞ்சி கசக்கிறது என்றால் குக்கரைக் குறை சொல்வதற்கு முன் பாக்கெட்டை முகர்ந்து பாருங்கள்.

இதுவரை பொங்கி வழிந்த குக்கரை ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறிய பிறகு, பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள். தட்டின் மேலும் நடுக் குமிழைச் சுற்றியும் காய்ந்த கஞ்சி ஒட்டியிருக்கும். ஒரு பருக்கை இருந்தாலும் பாத்திரம் தட்டில் சரியாக உட்காராது, சூடு ஒழுங்காகப் போகாது, அதன் பிறகு சோறு வைத்தாலும் அடி தீய்ந்து மேல் வேகாமல் வரும். ஈரத்துணியால் துடைத்து, குமிழ் தாராளமாக மேலும் கீழும் போகிறதா என்று அழுத்திப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். ஓட்ஸ் கிண்ணத்தைச் சாப்பிட்ட கையோடு தண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, ராத்திரியே போட்டு வைப்பது. பால் விட்டு வெளியே வைக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. அறைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்ற பாலைக் காலையில் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்டுச் சென்ற நஞ்சு கொதியில் போகாது. ராத்திரி வேகவைத்துக் காலைவரை 'வார்ம்'இல் விடுவதும் நன்றாக வராது. 60 டிகிரிக்கு மேல் நின்றால் கெட்டுப்போகாது, ஆனால் கஞ்சி களியாகிவிடும், சில மலிவு குக்கர்களில் அந்தச் சூடு நிற்பதும் இல்லை. ரோல்ட் ஓட்ஸுக்கு ராத்திரி வேலையே கிடையாது, காலையில் போட்டால் போதும். ஸ்டீல் கட் என்றால் கிண்ணத்தில் தண்ணீரோடு ஊறப்போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறியது சீக்கிரம் வேகும் என்பதால் வெளித் தண்ணீரை ஒன்றரை கப்பாகக் குறைத்துக்கொள்ளலாம். விடுதியில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஊறவே போடாதீர்கள். உலர்ந்த ஓட்ஸைக் கிண்ணத்தில் அளந்து, குக்கருக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு வைத்துவிட்டுப் படுங்கள். எழுந்ததும் உள்ளே ஊற்ற வேண்டியதை உள்ளே, வெளியே ஊற்ற வேண்டியதை வெளியே ஊற்றி, சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளியலறை வரிசையில் போய் நிற்கலாம். விடுதியில் அந்த வரிசைக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு கப் தண்ணீருக்கு மேல்தான் இருக்கும்.